எல்லாப் பாட்டும் போனில் கிடைக்கும்போது கேசட்டும் இசைத்தட்டும் எதற்கு?

முலுண்டிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். அப்பா மாட்டுங்காவில் குடியிருந்தபோது சேர்த்த கேசட்டுகள் மூன்று அட்டைப்பெட்டி நிறைய இருக்கின்றன, எல்.பி. தட்டுகள் ஒரு அலமாரி. கட்டடம் ரீடெவலப்மென்டுக்குப் போகிறது, மாறப்போகும் வாடகை வீட்டில் இடமில்லை. மாதச் சந்தா கட்டினால் எல்லாப் பாட்டும் போனிலேயே வருகிறதே, இன்னமும் இவற்றைத் தேடித் தேடிச் சேர்ப்பவர்கள் எதற்காகச் சேர்க்கிறார்கள், ஒலி உண்மையிலேயே உசத்தியா அல்லது பழைய நினைவுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்பாவின் பெட்டிகளைப் பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டால் பின்னால் வருத்தப்பட நேருமா என்பதுதான் அடியில் இருக்கும் கேள்வி என்று நினைக்கிறேன். இரண்டுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

பழைய டேப்புகளையும் இசைத்தட்டுகளையும் கணினிக்கு மாற்றித் தருவது மும்பையில் பல வருஷமாக என் தொழில். என்னிடம் வருவதில் பெரும்பகுதி கர்நாடக இசை, அடுத்தது தமிழ் சினிமாப் பாட்டு. ராக், ஜாஸ் சேர்ப்பவர்களின் உலகம் தனி. அங்கே எது அரிது, எதற்கு என்ன விலை என்று சொல்லும் அருகதை எனக்கில்லை. நான் சொல்வதை அந்த எல்லைக்குள் வைத்துப் பாருங்கள்.

முதலில் ஒலித்தரம். எல்லோரும் முதலில் சொல்லும் காரணம் இது. ஆனால் இருக்கும் காரணங்களில் மிகவும் பலவீனமானதும் இதுதான். 1982-இல் சந்தைக்கு வந்த சி.டி., ஒலியை நொடிக்கு 44,100 முறை, 16 பிட் அளவில் பதிகிறது. இன்று ஸ்ட்ரீமிங் செயலிகளில் 320 கேபிபிஎஸ் தரத்தில் வரும் பாட்டையும் அதே பாட்டின் சி.டி.யையும், எது எதுவென்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினால், நல்ல காது உள்ளவர்களே பெரும்பாலும் திணறுவார்கள். ஆப்பிள் மியூசிக் 2021 முதல் சி.டி. தரத்தையும் அதற்கு மேலானதையும் கூடுதல் கட்டணம் இல்லாமலே தருகிறது. கேசட்டில் டேப் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர்தான் நகரும். அந்த வேகத்தில் உச்ச ஸ்தாயியின் நுணுக்கம் முழுதாகப் பதியாது, ‘உஸ்’ என்ற இரைச்சலும் கூடவே வரும். எல்.பி.யில் ஊசி நடுவட்டத்தை நெருங்க நெருங்க ஒலி சற்றுக் கரகரக்கும். இவையெல்லாம் அளந்து காட்டக்கூடிய விஷயங்கள், சந்தேகமே இல்லை. எல்.பி.யின் ஒலியில் ஒரு ‘கதகதப்பு’ இருக்கிறது என்பார்கள். அதில் எவ்வளவு தட்டிலிருந்து வருகிறது, எவ்வளவு அந்த ஆம்ப்ளிஃபயரிலிருந்தும் ஸ்பீக்கரிலிருந்தும் வருகிறது, எவ்வளவு ஆசையிலிருந்து வருகிறது என்பது விவாதத்துக்குரியது. பிடித்திருந்தால் கேட்கலாம், அதைத் தர்க்கமாக்க வேண்டியதில்லை.

சரி, ஒலித்தரம் இல்லையென்றால் வேறு என்ன? எந்தப் பிரதியின் ஒலி என்பது. இங்கேதான் சேகரிப்பவர்கள் சொல்வதில் நியாயம் ஆரம்பிக்கிறது. செயலியில் இருக்கும் ஒரு பழைய பாட்டை யாரோ எங்கிருந்தோ எடுத்துத்தான் ஏற்றியிருப்பார்கள். மூல டேப்பிலிருந்து எடுத்தார்களா, தேய்ந்த தட்டிலிருந்தா, கடையில் விற்ற கேசட்டிலிருந்தா என்று அங்கே எழுதியிருக்காது. 320 கேபிபிஎஸ் என்பது அனுப்பும் குழாயின் அகலம் மட்டும்தான். குழாயில் வருவது ஆற்று நீரா, தொட்டி நீரா என்பதை அது சொல்லாது.

ஒரு உதாரணம். ஒரு பாடகரின் பழைய கச்சேரிப் பதிவைச் செயலியில் கேட்டுவிட்டு, குரல் மெலிந்து தெரிகிறதே என்று ஒருவர் என்னிடம் வந்தார். சுருதிப் பெட்டியை வைத்துப் பார்த்தால், தம்புரா ஒரு கட்டைக்கும் ஒன்றரைக் கட்டைக்கும் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு) நடுவில் எங்கோ நிற்கிறது. பாடகர்கள் பொதுவாக அங்கே சுருதி வைத்துக்கொள்வதில்லை. அரைக் கட்டை என்பது ஏறக்குறைய 6 சதவீத வேக வித்தியாசம். ஆக, பிரதி எடுக்க டேப்பை ஓட்டிய கருவி, அதாவது டெக், சுமார் 3 சதவீதம் வேகமாக ஓடியிருக்கிறது. இதைச் சரிபார்க்க இன்னொரு வழியும் உண்டு. பழைய பதிவுகளில் மின்சாரத்தின் ‘ம்ம்ம்’ என்ற முனகல் அடியில் கலந்திருக்கும். நம் நாட்டில் அது 50 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டும். கணினியில் 51.5-இல் தெரிந்தால் டேப் வேகமாக ஓடியதற்கு அது சாட்சி. அந்தக் காலத்து மின்சாரமே 50-இல் அடங்கி நின்றதில்லை என்பதால் இதை மட்டும் நம்பிவிட முடியாது. தம்புராவையும் முனகலையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவுக்கு வரவேண்டும். மூலக் கேசட்டோ தட்டோ கையில் இருந்தால் இதைத் திருத்தலாம். செயலியில் வேகமாக ஓடுவது அப்படியே ஓடிக்கொண்டிருக்கும், புதிதாகக் கேட்கும் பிள்ளைகள் அதுதான் அவர் குரல் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஒலி அழுத்தம் இன்னொன்று. 90-களுக்குப் பிறகு பழைய பாட்டுகளை ‘ரீமாஸ்டர்’ செய்யும்போது மெல்லிய இடங்களை உயர்த்தி, உரத்த இடங்களை அமுக்கி, முழுப் பாட்டையும் ஒரே சத்தமாக்கும் பழக்கம் உலகம் முழுக்க வந்தது. வயலின் மெதுவாக எழும்பி வரும் இடமும் டிரம்ஸ் விழும் இடமும் ஒரே உயரத்தில் நிற்கும். அதே பாட்டின் முதல் சி.டி. வெளியீட்டில் அந்த ஏற்ற இறக்கம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். இளையராஜா ரசிகர்கள் பழைய சி.டி.க்களுக்கு அலைவது வெறும் ஆசையால் அல்ல. கணினியில் இரண்டின் அலைவடிவத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒன்று மலைத்தொடர் போலவும் மற்றது செங்கல் போலவும் இருப்பதை நீங்களே காணலாம். எல்லா ரீமாஸ்டரும் மோசம் என்று சொல்லவில்லை. அக்கறையாகச் செய்தவையும் இருக்கின்றன. ஆனால் செயலி புதியதை ஏற்றியபின் பழையதை எடுத்துவிட்டால், ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பே உங்களுக்கு இல்லாமல் போகிறது.

அப்புறம், ஒரே பாட்டு என்று நாம் நினைப்பது பல சமயம் ஒரே பாட்டாக இருப்பதில்லை. எல்.பி.க்கு முன்னால் இருந்த, நிமிஷத்துக்கு 78 முறை சுற்றும் 78 ஆர்.பி.எம். தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்றரை நிமிஷம்தான் கொள்ளும். அதற்காகச் சினிமாப் பாட்டில் சரணத்தை வெட்டித் தனியாகப் பதிந்தார்கள். படத்தில் வருவது ஒன்று, தட்டில் வருவது வேறொன்று. தோடியை மணிக்கணக்கில் வாசித்த திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை அதே தோடியை 78 தட்டுக்குள் அடக்கி வாசித்தது தனிக் கலை. அதைக் கோயில் கச்சேரியின் துண்டு என்று நினைத்துக் கேட்டால் அதன் அருமை புரியாது. எல்.பி. வந்தபின் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷத்துக்கு மேல் கிடைத்தது, ஆலாபனை மூச்சு விட்டது. ஆனால் விற்பனைக்கு வந்த கச்சேரிப் பதிவுகளில் மிருதங்கம் முதலான தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தை வெட்டுவதோ குறைப்பதோ சகஜம். சபாவில் மைக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரசிகர் ஒருவர் பதிந்த கேசட்டில் அது முழுசாக இருக்கும். சேகரிப்பவருக்கு இந்த வித்தியாசங்கள்தான் உயிர். செயலிக்கு எல்லாமே ஒரு தலைப்பு, ஒரு பொத்தான்.

இதையெல்லாம் விட எனக்குப் பெரிதாகப் படுவது உறையின் பின்பக்கம். கர்நாடக சங்கீத எல்.பி. ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பாடியவர் பெயருக்குக் கீழே வயலின் யார், மிருதங்கம் யார், கடமோ கஞ்சிராவோ இருந்தால் அது யார் என்று இருக்கும். ஒவ்வொரு உருப்படிக்கும் ராகம், தாளம், இயற்றியவர். பல தட்டுகளில் விவரம் தெரிந்த யாராவது ஒரு பக்கம் குறிப்பும் எழுதியிருப்பார்கள். தட்டின் நடுத்தாளை ஒட்டி, பள்ளங்கள் முடிந்த வெறும் வளையத்தில், சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரியும்படி ஒரு எண் பொறித்திருக்கும். அதை வைத்து இது எந்த அச்சு, முதல் அச்சா மறு அச்சா என்று கண்டுபிடிக்கலாம்.

இப்போது அதே தட்டைச் செயலியில் தேடுங்கள். பெரும்பாலும் முதன்மைக் கலைஞரின் பெயர் மட்டும் இருக்கும். வயலினும் மிருதங்கமும் யாரென்று தெரியாது. கர்நாடக சங்கீதத்தில் பக்கவாத்தியம் பாதிக் கச்சேரி. லால்குடி ஜெயராமனின் வில்லும் பாலக்காடு மணி அய்யரின் விரலும் வேறு ஒருவர் பெயரில் வந்த நூற்றுக்கணக்கான பதிவுகளில் ஒலிக்கின்றன. அவர்கள் பெயரைப் போட்டுத் தேடினால் அவற்றில் எத்தனை கிடைக்கிறது என்று பாருங்கள். சில இடங்களில் இயற்றியவர் என்ற இடத்தில் தியாகராஜர் பெயருக்குப் பதில் பாடகர் பெயரே இருக்கும். ‘தோடி’ ஆங்கில எழுத்தில் நான்கு விதமாக எழுதப்பட்டு நான்கு இடத்தில் சிதறிக் கிடக்கும். ராகம் தானம் பல்லவியை மூன்று துண்டாக்கி வைத்திருப்பார்கள். ஷஃபிளில் ஓடவிட்டால் பல்லவி முதலில் வந்து ராகம் நாளைக்கு வரும். இது தொழில்நுட்பத்தின் குறை அல்ல, அக்கறையின் குறை. விவரத்தைச் சேர்க்க ஒரு செலவும் பெரிதாக இல்லை, யாரும் உட்கார்ந்து செய்யவில்லை, அவ்வளவுதான். செய்யாத வரையில் அந்த அட்டை உறை ஒரு ஆவணம். பதிவு இருந்தும் உறை தொலைந்துபோன தட்டுகள் என்னிடம் வரும்போது, மிருதங்கம் யார் என்று தெரிந்துகொள்ள இன்னொருவர் வீட்டு உறையைத்தான் தேடிப் போகிறேன்.

கையில் இருப்பது, கையில் இல்லாதது என்ற விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் விவாதமே கிடையாது. சந்தா என்பது வாடகை. 2023 மார்ச்சில் ஸ்பாட்டிஃபைக்கும் ஜீ மியூசிக்குக்கும் ஒப்பந்தம் படியாமல் ஏகப்பட்ட இந்திப் பாட்டுகள் அந்தச் செயலியிலிருந்து மறைந்தன. 2024-இல் ஏர்டெல் தன் விங்க் மியூசிக் செயலியை மூடுவதாக அறிவித்தது. கூகுள் பிளே மியூசிக் 2020-இலேயே போய்விட்டது. ஸ்பாட்டிஃபையில் டவுன்லோடு செய்து வைத்த பாட்டுகூட 30 நாளைக்கு ஒருமுறையாவது இணையத்தோடு தொடர்பு கொள்ளாவிட்டால் ஓடாது. மைஸ்பேஸ் தளத்தில் 2016-க்கு முன் இசைக்கலைஞர்கள் ஏற்றிய பாட்டுகள் அத்தனையும் சர்வர் மாற்றும்போது தொலைந்துபோனதாக 2019-இல் தெரியவந்தது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்தது அல்ல இது. கம்பெனிகளுக்கு லாபமும் ஒப்பந்தமும்தான் கணக்கு, பாட்டு அந்தக் கணக்கில் ஒரு வரி.

ஆனால் மறுபக்கத்தையும் நேராகச் சொல்ல வேண்டும். கையில் இருப்பதும் சாகும். மும்பை மழைக்காலம் டேப்புக்கு எமன். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை அலமாரிக்குள் காற்றோட்டம் இல்லாமல் வைத்த கேசட்டைத் திறந்தால், டேப் சுற்றின் விளிம்பில் விபூதி தூவியது போல் வெள்ளையாகப் பூசணம் படிந்திருக்கும். டேப்பிலிருந்து ஒலியை எடுக்கும் ஹெட்டோடு டேப்பை அழுத்திப் பிடிக்கும் சின்ன ஃபெல்ட் துண்டு பசை காய்ந்து உதிர்ந்திருக்கும். சி.டி.யும் நிரந்தரமல்ல. இங்கிலாந்தில் ஒரு ஆலையில் 80-களின் கடைசியிலும் 90-களின் தொடக்கத்திலும் அச்சான சி.டி.க்கள் மேற்பூச்சுக் கோளாறால் வெண்கல நிறமாகி ஓடாமல் போயின. வீட்டில் ‘பர்ன்’ செய்த சி.டி.க்களின் ஆயுள் இன்னும் குறைவு. கம்பெனியின் மூல டேப்பே பத்திரம் என்றும் நினைக்க முடியாது. 2008-இல் ஹாலிவுட்டில் யுனிவர்சல் நிறுவனத்தின் கிடங்கில் பிடித்த தீயில் மூலப் பதிவுகள் கருகின. எத்தனை என்பதில் இன்றும் தகராறு.

ஆகவே எந்த ஒரு பொருளும் தன்னளவில் பத்திரமில்லை. ஒரே பதிவு பல வீடுகளில், பல ஊர்களில் இருந்ததுதான் இசையைக் காப்பாற்றியிருக்கிறது. 1902-இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிப் பதிந்த காலத்திலிருந்து வந்த தட்டுகளில் இன்று நமக்குக் கேட்கக் கிடைப்பதில் பெரும்பங்கு தனிமனிதர்கள் பழைய சாமான் கடைகளில் பொறுக்கி வைத்திருந்தவை. நம் ஊரிலேயே சோர் பஜார் மட்டன் தெருவில் அப்படி மீட்கப்பட்ட தட்டுகளுக்குக் கணக்கில்லை. இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர்கள் சங்கம் 1990-இல் மும்பையில்தான் தொடங்கியது. இந்த மாதிரி ஆட்கள் இல்லையென்றால் இன்று செயலியில் ஏற்றுவதற்கே பல பதிவுகள் மிஞ்சியிருக்காது. நான் சேகரிப்பவர்கள் பக்கம் நிற்பதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

பழைய நினைவா என்று கேட்டீர்கள். அதுவும் உண்டு, அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. தட்டைத் துடைத்து, ஊசியை வைத்து, இருபது நிமிஷம் எழுந்திருக்காமல் கேட்பது ஒரு பழக்கம். ஆனால் நினைவு மட்டுமே காரணமாக இருந்தால் எல்.பி. தட்டே பார்க்காமல் வளர்ந்த பிள்ளைகள் இன்று அதை வாங்க மாட்டார்கள். அமெரிக்காவில் 2022-இல் எல்.பி. விற்பனை எண்ணிக்கையில் சி.டி.யைத் தாண்டியது, 1987-க்குப் பிறகு அப்படி நடந்தது அப்போதுதான். நம் ஊரில் காலா கோடாவின் ரிதம் ஹவுஸ் 2016-இல் மூடியபின் அந்த அளவில் ஒரு கடை வரவில்லை. இங்கே இது இன்னும் சின்ன வட்டம்தான்.

சரி, உங்கள் பெட்டிகளுக்கு வருவோம். எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. பெரிய கம்பெனிகள் ஆயிரக்கணக்கில் விற்ற கேசட்டுகளை, உதாரணமாக 1963-இல் எம்.எஸ். பாடிய வேங்கடேச சுப்ரபாதத்தின் கேசட்டை, தாராளமாகக் கொடுத்துவிடலாம். அந்தப் பதிவு எங்கும் தொலையாது. கடைக் கேசட்டைவிட நல்ல ஒலியில் செயலியிலேயே கிடைக்கும். தனியாக எடுத்து வைக்க வேண்டியவை கையெழுத்தில் பெயர் எழுதிய கேசட்டுகள். சண்முகானந்தா அரங்கில், கோயில் உற்சவத்தில், யார் வீட்டுக் கல்யாணத்திலோ பதிந்தது, ரேடியோவிலிருந்து பிடித்தது எல்லாம் இதில் வரும். அந்தக் கச்சேரிக்கு உலகத்திலேயே அது ஒன்றுதான் பிரதியாக இருக்கலாம். அடுத்தது, சின்னக் கம்பெனிகள் வெளியிட்டு மறுபடி அச்சிடாதவை. எல்.பி. தட்டுகளில் உறை நன்றாக இருப்பவற்றை எல்லாம் வையுங்கள். உறை இல்லாத, கீறல் விழுந்த சினிமாத் தட்டுகளைத் தயங்காமல் விடலாம். பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு கேசட்டின் அட்டையையும் போனில் படமெடுத்து வையுங்கள். உங்கள் அப்பா எழுதிய தேதியும் இடமும் பாட்டுப் பட்டியலும் வேறெங்கும் கிடைக்காது.

பூசணம் பிடித்த கேசட்டை நல்ல டெக்கில் போடாதீர்கள், ஹெட்டிலிருந்து அடுத்த கேசட்டுக்கும் பரவும். தனியாக ஒரு டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு போட்டு, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்கினால் வளையும், புத்தகம் போல நிமிர்த்தி வையுங்கள். 78 தட்டு ஏதாவது இருந்தால் ஸ்பிரிட், ஆல்கஹால் எதுவும் படக்கூடாது. அது அரக்கில் செய்தது, கரைந்துவிடும். எல்.பி. ஊசியிலும் அதை ஓட்டக்கூடாது, 78-க்கு அகலமான வேறு ஊசி. சூட்கேஸ் வடிவில் மலிவாக விற்கும் பிளேயர்களின் ஊசி கனமாக அழுத்தும், நல்ல தட்டை அதில் அடிக்கடி போட வேண்டாம். பெல்ட், ஊசி போன்ற உதிரிகளுக்கு லேமிங்டன் ரோடில் விசாரித்துப் பாருங்கள்.

கணினிக்கு மாற்றுவதென்றால் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் மாற்றச் சொல்லுங்கள். ஒரு 90 நிமிஷக் கேசட் அப்படி 3 ஜிபி அளவுக்கு வரும், தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் வடிவில் வைத்தால் அதைவிட நன்றாகவே குறையும். எம்பி3 மட்டும் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். மாற்றுகிறவர் ஒவ்வொரு கேசட்டுக்கும் ஹெட்டின் சாய்வைச் சரிசெய்கிறாரா என்று கேளுங்கள். அது என்னவென்று அவருக்குத் தெரியாவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள், ஏனென்றால் சாய்வு தப்பினால் மேல் ஸ்தாயி மங்கிவிடும், பின்னால் எந்த மென்பொருளாலும் அதை முழுசாகத் திரும்பக் கொண்டுவர முடியாது. மாற்றி முடித்தபின்பும் கையெழுத்துக் கேசட்டுகளை எறிந்துவிடாதீர்கள். அந்த ஒரு சின்னப் பெட்டிக்கு மட்டும் வாடகை வீட்டில் பரணில் இல்லாமல், சுவரை ஒட்டாமல், கட்டில் உயரத்தில் ஒரு இடம் பாருங்கள்.